ஒரு வரி கீழே

கல்லூரி விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதலாமா, கூடாதா என்று மூன்று நாள் நடந்த சண்டை போன வாரத்தோடு ஓய்ந்தது. 'வீட்டுவழிக் கல்வி' என்று எழுதினார்கள். வகுப்பில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று. வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற கட்டத்திலும் ஒன்று. உறவினர் அல்லாத ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை நூலகர் கொடுத்துவிட்டார். தாமதமாகத் திரும்பிய புத்தகங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனசு.

பாக்கி ஒரே ஒரு பக்கம். மதிப்பெண் பக்கம்.

இன்று கடைசி நாள். மாலை ஐந்து மணி வரைக்கும் நேரம்.

வெளியே காற்று பேயாய் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடித்தால் கிரேன் ஓடாது. கிரேன் ஓடாவிட்டால் அப்பா வீட்டில் இருப்பார். அப்பா வீட்டில் இருந்தால் வேறு ஒன்றும் ஓடாது என்பது அம்மாவின் கட்சி.

அவருடைய கிரேன் போன ஊருக்கெல்லாம் குடும்பமும் போயிருக்கிறது. இரண்டாம் வகுப்பை மகள் மூன்று பள்ளிகளில் படித்தாள். மூன்றிலும் ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அம்மா போதும் என்றாள். அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கும் அதே மேசையில் மகளுக்குப் பாடமும் நடந்தது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அவள் டீச்சர், 'நீங்க'. ஒன்று அடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அம்மா, 'நீ'. பத்து வருஷத்தில் மகள் ஒரு தடவையும் தடுமாறியதில்லை. கடைசித் தேர்வு முடிந்த நாளிலிருந்து டீச்சர் கிடையாது. நாள் முழுக்க அம்மாதான்.

"அம்மா, இங்க வா."

மகள் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அஞ்சு பாடத்தோட சராசரி குறைஞ்சது எழுபது இருக்கணுமாம்."

"சரி, போடு."

"போட்டேன். அறுபத்து நாலு புள்ளி எட்டு."

"சரியாக் கூட்டினியா?"

"நான் புள்ளியியல் படிக்கப் போறேன்மா. அஞ்சு எண்ணைக் கூட்டி அஞ்சால வகுக்கத் தெரியாதா?"

அம்மா திரையைப் பார்த்தாள். மொழி 68. இரண்டாம் மொழி 66. அறிவியல் 67. வரலாறு 65. கணிதம் 58. எல்லாம் அவள் கையால் போட்ட மார்க். சராசரிக் கட்டம் சிவப்பாக இருந்தது. அவளுக்குச் சிவப்பு பழக்கம்தான். ஆனால் இதுவரை சிவப்பு எழுதியது அவள்.

"இதைப் போன வாரமே பாத்திருக்கக் கூடாதா?"

"போன வாரம் நீ பள்ளிக்கூடத்துக்குப் பேர் வெச்சுட்டிருந்தே."

அப்பா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கா இவ்வளவு? பாடத்துக்கு ஆறு மார்க் ஏத்திப் போடு. முடிஞ்சுது."

"ஏத்திப் போடறதுக்கு இது என்ன, கிரேனா?"

"நீதானே டீச்சர்? நீ போட்டதுதானே மார்க்?"

"போட்டாச்சு. போட்டதுதான் மார்க்."

மகள் யாரையும் பார்க்காமல் கல்லூரிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். பதினோரு நிமிஷம் பாட்டு ஓடியது. பிறகு சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண் குரல். இன்றைக்கு இதே கேள்வியை நூறு பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரிந்தது.

"எழுபதுக்குக் கீழ சிஸ்டம் எடுக்காதும்மா. மார்க்ல ஏதாவது குழப்பம்னா உங்க ஸ்கூல்ல பேசுங்க."

"ஸ்கூல் இங்கதாங்க நிக்குது."

"எங்க?"

"அடுப்புக்கிட்ட."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஓ, வீட்டுலயே படிச்சவங்களா? அப்படின்னா உங்க டீச்சர் நேர்ல வந்து எழுத்துல விளக்கம் குடுக்கலாம். குழு பாத்து முடிவு பண்ணும். ஆனா இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள. அஞ்சு அஞ்சுக்கு வந்தாக்கூட நான் இருக்க மாட்டேன்."

போன் வைக்கப்பட்டது.

மகள் எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைலை இறக்கினாள். கடைசி வருஷத்து மதிப்பெண் பட்டியல்கள். பாடத்துக்கு ஒரு தாள். கீழே இரண்டு கையெழுத்து. வகுப்பாசிரியர் என்ற இடத்தில் அம்மா. தலைமை ஆசிரியர் என்ற இடத்தில் அப்பா.

"அப்பா, வரலாறு. படிங்க."

அப்பா கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தார். "அறுபத்தொன்பது. கழித்தது நாலு. மீதி அறுபத்தஞ்சு."

"எதுக்குக் கழிச்சாங்கன்னு பக்கத்துல இருக்கு பாருங்க."

"க... கதவை அறைந்தது."

அப்பா தாளை இன்னும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கதவை அறைஞ்சதுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா.

"அன்னைக்கு வரலாற்றுத் தேர்வு" என்றாள் அம்மா.

"அறிவியலைப் படிங்க. எழுபது. மைனஸ் மூணு. ஈரத் துண்டு, கட்டில் மேல். கணிதம் மைனஸ் நாலு. எதிர்த்துப் பேசியது. இதையெல்லாம் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களாப்பா?"

அப்பா தாளை மேசைமேல் வைத்தார். பாரச் சீட்டைப் பார்க்காமல் ஒரு கம்பியைக்கூடத் தரையை விட்டுத் தூக்காத மனிதர். வீட்டில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் மனைவியைப் பார்த்து.

"நான் எழுதினதை நான் படிக்காமலா இருப்பேன்?"

"உங்க ரெண்டு பேரோட..." என்று ஆரம்பித்த மகள் பாதியில் நிறுத்தினாள். "ஊர்ல எல்லாப் பிள்ளையும் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு கொண்டுவருது. நான் துண்டை எடுத்து வைக்காததுக்கு அறிவியல்ல மூணு மார்க் தோத்துட்டு நிக்கறேன். இதை எந்தக் கட்டத்துல போடறது? விளையாட்டுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போடட்டுமா?"

"நம்ம பிள்ளைன்னு அள்ளிப் போட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாதுன்னுதான் இறுக்கிப் போட்டேன்" என்றாள் அம்மா. "வீட்டுல படிச்ச பிள்ளைன்னா ஊர் முதல்ல அதைத்தான் கேக்கும்."

"யாரும்மா கேட்டா? பத்து வருஷமா இந்த மார்க்கை ஒருத்தரும் பாக்கல. நான் ஒருத்திதான் பாத்தேன்."

மகள் அறைக்குள் போனாள். கதவை மெதுவாக, மிக மெதுவாகச் சாத்தினாள். அறைந்திருந்தால் தேவலை என்று அம்மாவுக்கு இருந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிடுவான். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, நாற்பது பக்கம். அம்மா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாள். ஐந்தாம் தடவை படித்தபோது அதில் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தது. எரிச்சலாக வந்தது.

அப்பா எதிரே உட்கார்ந்து மேசைமேல் விரலால் தாளம் போட்டார்.

"டீச்சரம்மா."

"உயிரை வாங்காதீங்க."

"கதவு, துண்டு, எதிர்ப்பேச்சு எல்லாத்தையும் விட்டுக் குடுத்துடு. அது நியாயம்தானே? அது அவ படிப்பு இல்ல. நம்ம குடித்தனம்."

அவள் பேனாவை வைத்தாள். இந்த மனிதர் வருஷத்துக்கு ஒரு தடவை சரியாகப் பேசுவார். அதுவும் வேலை நெருக்கும் நேரம் பார்த்துத்தான் பேசுவார்.

"எவ்வளவு வரும்?"

"வரலாறு நாலு, அறிவியல் மூணு, கணக்கு நாலு. பதினொண்ணு."

"முன்னூத்தி இருபத்து நாலு, பதினொண்ணு, முன்னூத்தி முப்பத்தஞ்சு. சராசரி அறுபத்தேழு. பத்தாது."

"பத்தாதுதான். ஆனா பாதி ஏறியாச்சு."

அச்சகத்து ஆள் வந்தான், போனான். மூவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு மகள் எழுந்து தட்டைக் கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்து, துடைத்த துணியையும் உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு கிளிப்பும் மாட்டினாள். ஒவ்வொன்றையும் அம்மா கண்ணில் படும்படி செய்தாள்.

"போதும்டி" என்றாள் அம்மா.

"சரிங்க டீச்சர்."

மணி ஒன்றரை. அந்த நேரத்தில் 'டீச்சர்' இந்த வீட்டில் கேட்டதே இல்லை. அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார்.

"விடைத்தாளை எடு" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் மறுபடி திருத்தறேன். கல்லூரியில எப்படித் திருத்துவாங்களோ அப்படி. என்ன இருக்கோ அது. கூடவும் போட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"உங்க இஷ்டம் டீச்சர். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மொழித் தாளைத் திருத்தினாள். அதே 68. கையெழுத்துக்குக் கழித்த இரண்டைத் திருப்பித் தரலாமா என்று பார்த்தாள். மூன்றாம் பக்கத்தை அவளாலேயே படிக்க முடியவில்லை. தரவில்லை. இரண்டாம் மொழி 66. வரலாறு 69, அறிவியல் 70. மணி இரண்டே முக்கால் ஆனது. மகள் எதிரே உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பென்சில் சுண்டுவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

கணிதம். பாடப்புத்தகத்தின் பெரிய பயிற்சி ஒன்றிலிருந்து முதல் ஐம்பது கணக்கை அப்படியே கேள்வித்தாளாகக் கொடுத்திருந்தாள். கணக்குக்கு இரண்டு மார்க். பத்தாம் வகுப்புக் கணக்கோடு அவளுடைய கணக்கு நின்றுவிட்டது. அதற்கு மேல் விடைப் புத்தகத்தை வைத்துத்தான் திருத்துவது. முன்பு இருந்த ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே சுத்தமாக இருந்தது.

முப்பது கணக்கு சரி. நாற்பதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துத் தப்பு. நாற்பத்தொன்றை மகள் தொடவே இல்லை, வெறும் இடம். அதற்குப் பிறகு நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்பது வரை எட்டும் தப்பு. ஐம்பது மட்டும் சரி.

அவள் கை நின்றது.

இருபது வருஷமாகப் பிழை பார்க்கிறவள். எழுதுகிறவன் விடும் பிழை சிதறிக் கிடக்கும். ஒரு பக்கத்தில் மூன்று இருக்கும், அடுத்த பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பிழைகள் கைகோத்துக்கொண்டு வரிசையில் நின்றால் அது எழுதினவன் பிழை அல்ல. அடுக்கினவன் எங்கேயோ சறுக்கியிருக்கிறான். புத்தகம் புத்தகமாக இதைக் கண்டுபிடித்து அச்சகத்தில் பேர் வாங்கியவள்.

விடைத்தாளையும் விடைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மகளின் நாற்பத்து மூன்றாம் விடை புத்தகத்தில் நாற்பத்திரண்டில் இருந்தது. நாற்பத்து நாலு, நாற்பத்து மூன்றில். நாற்பத்தைந்து, நாற்பத்து நாலில். மகளின் விடைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு வரி கீழே இறங்கி நின்றன.

பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். ஆறாம் பதிப்பு. விடைப் புத்தகம் ஐந்தாம் பதிப்பு. ஆறாம் பதிப்பில் நாற்பத்தொன்றாவதாக ஒரு புதுக் கணக்கைச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்தது முழுக்க ஒரு எண் தள்ளிப் போய்விட்டது.

பதிப்பு எண். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் அவள் பார்ப்பது அதைத்தான்.

"நீ சரியாத்தான் போட்டிருக்கே" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "என் விடைப் புத்தகம் பழசு."

"அதைத்தான் டீச்சர் அப்பவே சொன்னேன். தேர்வுக்கு ஒரு மாசம் முன்னாடி, பயிற்சிக் கணக்கு திருத்தும்போது. உங்க புத்தகம் தப்புன்னு."

"எப்போ சொன்னே?"

மகள் மதிப்பெண் பட்டியலை எடுத்து, விரலை வைத்துக் காட்டினாள். கழித்தது நாலு. எதிர்த்துப் பேசியது.

அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தில் பென்சில் கரி இருந்தது.

அப்பாவுக்கு இந்த மௌனமெல்லாம் பிடிபடவில்லை. பேனாவைப் பிடுங்கி ஒரு உறையின் பின்பக்கத்தில் கூட்டினார். "முப்பது, அப்புறம் எட்டு, அப்புறம் ஐம்பதாவது ஒண்ணு. முப்பத்தொன்பது கணக்கு. எழுபத்தெட்டு மார்க். மொத்தம்... வாலு, சட்டுனு சொல்லு."

"முன்னூத்தி ஐம்பத்தொண்ணு."

"சராசரி?"

"எழுபது புள்ளி ரெண்டு."

"தாண்டிடுச்சு!" மேசையை ஓங்கித் தட்டினார். பென்சில் சீவல் பறந்தது. "இதுக்குப் போய்க் காலையிலேர்ந்து ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு... ரெண்டு மணி நேரம் இருக்கு. போடு, போடு."

மகள் மடிக்கணினியைத் திறந்தாள். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

"இரு" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் என்ன?"

"ஐம்பதாவது. இதை மட்டும் எப்படி நான் சரின்னு போட்டேன்? விடை எல்லாம் தள்ளிப் போயிருக்குன்னா இதுவும் தள்ளித்தானே போயிருக்கணும்? என் புத்தகத்துல ஐம்பதுன்னு இருக்கறது உன் புத்தகத்துல ஐம்பத்தொண்ணோட விடை. அது தேர்வுலயே இல்ல. நீ அதை ஐம்பதுல எழுதியிருக்கே."

மகள் பென்சிலை விரலால் உருட்டினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

"என்ன?"

"நான் சொன்னது சரியா இல்லையான்னு பாக்க. ஐம்பத்தொண்ணாவது கணக்கைத் தனியாப் போட்டு அந்த விடையை ஐம்பதுல எழுதினேன். உங்க புத்தகம் தப்புன்னா நீங்க ரைட் போடுவீங்க. போட்டீங்க."

"அப்போ சொல்லியிருக்கலாமே! அன்னைக்கே கொண்டுவந்து மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கலாமே!"

"இன்னொரு நாலு போயிருக்கும், டீச்சர்."

அப்பா சிரிக்கப் பார்த்து, மனைவியின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் பெண் ஒரு கணக்கைச் சரியாகப் போடத் தெரிந்தும், தப்பாக எழுதினால்தான் இந்த மேசையில் சரி கிடைக்கும் என்று கண்டுகொண்டு எழுதியிருக்கிறாள். அப்படி எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறாள். பேசாமல் எழுந்து சாப்பிட உட்கார்ந்து, 'அம்மா, இன்னும் கொஞ்சம் போடு' என்று கேட்டும் இருப்பாள்.

"ஐம்பதாவதோட உண்மையான விடை என்ன?"

மகள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். "மூணுல ஒண்ணு."

"அதை எழுதியிருந்தா?"

"கிராஸ் போட்டிருப்பீங்க."

அம்மா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஐம்பதாவது விடையின் மேல் இருந்த சரியை அடித்தாள்.

"என்ன பண்றே நீ?" அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அவளுக்குத் தெரியும்ங்கறா. உன் கண்ணு முன்னாடி சொல்றா. ரெண்டு கணக்குத் தெரிஞ்சவளுக்கு ஒரு கணக்குக்கு மார்க் இல்லையா?"

"தாள்ல எது இருக்கோ அதுக்குத்தான் மார்க். இப்போ வாயால சொன்னதுக்கு மார்க் போட்டா இவ்வளவு நேரம் திருத்தினது எல்லாம் நாடகம்."

"எவ்வளவு ஆகுது?"

"முன்னூத்தி நாப்பத்தொன்பது" என்றாள் மகள். "அறுபத்தொன்பது புள்ளி எட்டு. ஒரே ஒரு மார்க் குறையுது."

"ஒரு மார்க்! ஒரே ஒரு மார்க்!" அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். வெளியே இருந்த காற்றாவது ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. "இந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியுமா? காத்து நிக்கட்டும், முதல் ஆளா நான் மேல ஏறி உக்காந்துக்கறேன். அங்கதான் நிம்மதி."

மகள் அழுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. "நீங்க இதைத்தான் செய்வீங்கன்னு தெரியும், டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சீவிய பென்சில் தூளை எல்லாம் உள்ளங்கையில் வழித்துக்கொண்டிருந்தாள்.

*

விளக்கம் அரைப் பக்கம் வந்தது. அவள் வாழ்க்கையில் அரைப் பக்கத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

'இத்துடன் உள்ள கணித விடைத்தாளை முதலில் திருத்தியபோது ஆசிரியை பழைய பதிப்பின் விடைகளைப் பயன்படுத்தினார். மாணவி அதைச் சுட்டிக்காட்டினாள். ஆசிரியை ஏற்கவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்தார். இப்போது திருத்திய மதிப்பெண் 76. ஐம்பதாம் கேள்விக்கு மாணவி தெரிந்தே தவறான விடை எழுதியிருக்கிறாள். சரியாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று இந்தப் பள்ளிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த இரண்டு மதிப்பெண்ணை நான் அவளுக்குத் தரவில்லை. நீங்கள் தரலாமா என்று பார்க்கவும்.'

படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

"நானும் வரேன்" என்றாள் மகள்.

"வேணாம். டீச்சரைத்தான் கூப்பிட்டாங்க."

மணி நாலு ஐந்து. காற்று புடவையையும் பையையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். முன்னால் ஒரு பிள்ளை கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள். மேலே இருந்த தாளில் எல்லாப் பாடத்துக்கும் தொண்ணூறுக்கு மேல். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய பக்கம் அந்தப் பிள்ளையின் அம்மா நின்றாள். சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள்.

சேர்க்கைப் பிரிவில் நாற்பது நாற்காலி, அறுபது பேர். டோக்கன் எந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்தது. வெறும் பென்சிலால் எண் எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர் பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு, தேதிமேல் தப்பில்லை, கட்டத்தின்மேல்தான் தப்பு என்று பத்து நிமிஷம் வாதாடினார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் முறை வந்தது. காலையில் போனில் பேசிய அதே குரல். முப்பது வயசு இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

"சொல்லுங்க."

"காலையில என் பொண்ணு பேசினா. வீட்டுல படிச்ச பிள்ளை. சராசரி கொஞ்சம் குறையுது. விளக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

"ஓ! அடுப்புக்கிட்ட ஸ்கூலா?" அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். "விண்ணப்ப எண் சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பெண் தட்டினாள். கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கினாள்.

"உங்களுக்கு விளக்கமே தேவையில்லையேங்க. உங்க பொண்ணோடது வந்துடுச்சு."

"எங்க வந்துடுச்சு?"

"இணையத்துல. நாலு இருபத்தொண்ணுக்கு. சிஸ்டம் எடுத்துக்கிச்சு. எழுபது புள்ளி ரெண்டு."

அம்மாவுக்கு முதலில் அந்த எண் காதில் ஏறவே இல்லை. நாலு ஐந்துக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்பினாள். வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். மடிக்கணினி மேசைமேல் திறந்தே இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள். பையைத் துழாவி, போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். மணி இரண்டு தடவை போயிற்று. மூன்றாவதில் யாரோ துண்டித்தார்கள்.

மறுபடி அடித்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே.

"இன்னும் இருபது பேர் நிக்கறாங்கம்மா" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் கழுத்து வலித்திருக்கும். "உங்களுது முடிஞ்சுது. கிளம்புங்க. வாழ்த்துகள்."

பின்னால் இருந்தவர் தோளில் பையால் இடித்தார். அவள் நகரவில்லை.

"அந்த எழுபது புள்ளி ரெண்டுல ஒரு..." என்று ஆரம்பித்தாள். இருபது வருஷமாக அச்சகத்தில் எத்தனையோ தடவை எந்தத் தயக்கமும் இல்லாமல் முடித்த வாக்கியம் அது.

"என்ன ஒரு?"

"ஒண்ணுமில்ல."

அந்தப் பெண் அவள் மார்போடு அணைத்திருந்த தாள்களைப் பார்த்தாள். "அது என்ன? மார்க் சம்பந்தமானதா? ஒரிஜினலா? குடுத்துட்டுப் போங்க, கோப்புல சேத்து வெச்சுடறேன். நாளைக்குக் குழு எப்படியும் ஒரு தடவை பாக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தாறு. கவுண்டருக்கு உள்ளே யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மா தாள்களைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே நகர்த்தினாள். அந்தப் பெண் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

தாள் வரவில்லை.

"கையை எடுங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.